குசினியிற் குடிபுகுந்த கலங்கள்

பிறநாட்டுப் பாத்திரங்கள் நம் வீடுகளை நிறைத்துவிட்டன என்றும், அவற்றைத் துறைமுகத்திலேயே தடுத்துவிட்டால் நாடு செழிக்கும் என்றும் மேடைகளிற் பேசுவோர் பலர். அவர்தம் நாட்டுப்பற்றுப் போற்றற்குரியதே. எனினும், வீடு சென்று தம் குசினியை ஒருமுறை உற்று நோக்குவாராயின், பேச்சைச் சிறிது திருத்திக்கொள்ளுதல் கூடும். அடுக்களை, அட்டில் எனப் பழந்தமிழ்ப் பெயர்கள் இருக்க, நாம் நாவார வழங்கும் குசினி என்னுஞ் சொல்லே போர்த்துக்கேயம். அதனுள் இருக்கும் தாச்சியும் போர்த்துக்கேயம், கோப்பையும் போர்த்துக்கேயம். தேநீர்ப் பாத்திரத்தின் கீழ் வைக்கும் பீரிசோ மலாய் மொழியிற் பிறந்து, போர்த்துக்கேயர் வாய்ப்பட்டு, அவர் கப்பலேறி இங்கு வந்து சேர்ந்தது.

பீங்கானின் வரலாறு இவற்றினும் பழையது. சரக்குச் சீனருடையது, பெயர் பாரசீகருடையது. செய்தவன் மொழி நிற்காது, கொண்டுவந்து விற்றவன் மொழியே நின்றுவிட்டது. தீவுப்பகுதியிலுள்ள அல்லைப்பிட்டியில் 1970களில் நிகழ்ந்த அகழாய்வில், சொங் அரசர் காலத்துச் சீனப் பீங்கான்கள் உடைந்த துண்டுகளாகக் கிடைத்தன. போர்த்துக்கேயர் இத்தீவைக் காண்பதற்கு நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் கரையில் அக்கலங்கள் இறங்கியுள்ளன. காலியில் 1911இற் கண்டெடுக்கப்பெற்று, இப்பொழுது கொழும்பு நூதனசாலையிலிருக்கும் கல்வெட்டு, சீனக் கடற்படைத் தலைவன் செங்கோவின் பயணத்தைச் சார்ந்தது; 1409ஆம் ஆண்டினது. அதில் எழுதப்பட்ட மொழிகள் மூன்று: சீனம், தமிழ், பாரசீகம். சீனன் வனைந்து, பாரசீகன் பெயரிட்டு, தமிழன் உண்ட பீங்கானுக்கும் அம்மூன்றே உரியன என்பதை மாணாக்கருக்குச் சொல்லும்போதெல்லாம் அவர் முகம் மலரக் காண்கிறேன்.

ஆகவே, வந்தது என்பது குற்றமாகாது. வந்ததை நாம் எவ்வாறு ஏற்றோம் என்பதே வினா. கோப்பை என்பது போர்த்துக்கேயரிடத்து நீர் பருகுங் கலம், தமிழகத்திலும் அஃதே. யாழ்ப்பாணத்தாரோ அதனை அகலித்துச் சோறுண்ணுந் தட்டாக்கிவிட்டனர். தமிழகத்து விருந்தினர் ஒருவரைக் “கோப்பையிற் சோறு போட்டிருக்கிறது, வாருங்கள்” என்று அழைத்தால் அவர் திகைப்பார். இஃது ஒரு சிறு வெற்றி என்பேன். வந்த பொருள் நம் பழக்கத்துக்கு வளைந்ததேயன்றி, நம் பழக்கம் அதற்கு வளையவில்லை.

பித்தளையையும் எண்ணுக. யாழ்ப்பாணத்துச் சுண்ணக் கல்லிற் செம்புமில்லை, நாகமுமில்லை. எனவே செம்பும் குடமும் மூக்குப்பேணியும் ஆகிய உலோகம் முழுதும் கடல்வழி வந்ததே. ஆனால், அதனைக் கலமாக்கவும் காக்கவும் வல்லவர் ஊரில் இருந்தனர். புளி பட்டுக் களிம்பேறாதவாறு உள்ளே ஈயம் பூசினர், நெளிந்தால் நிமிர்த்தினர், ஓட்டை விழுந்தால் அடைத்தனர், முற்றும் பழுதானதை நிறுத்து விலைக்கு வாங்கி உருக்கினர். ஒரு குடம் மூன்று தலைமுறை நீர் சுமந்தது. கன்னாதிட்டி என்னும் பெயர் அத்தொழிலாளரான கன்னாரை இன்றும் நினைப்பூட்டுகின்றது. அங்கே இன்று காண்பன நகைக்கடைகள்.

இப்பொழுது வந்திறங்குவனவற்றின் இயல்பு வேறு. நொன்ஸ்ரிக் தாச்சியை எடுத்துக்கொள்வோம். வெப்பம் ஏறத்தாழ 260 பாகை செல்சியசைக் கடந்தால் அதன் பூச்சுச் சிதையத் தொடங்கும். நாமோ வெறுந்தாச்சியை எரியும் அடுப்பேற்றி, மிளகாயும் மல்லியும் மணக்க வறுத்துத் தூள் செய்யும் மக்கள். பூச்சு உரிந்தபின் அதனை மீளப் பூசுவார் ஊரில் எவருமிலர். மெலமைன் கோப்பையும் அத்தகையதே. கொதிக்கும் புளிக்குழம்பு அதற்கு ஆகாது, கீறல் விழுந்தாற் குப்பையன்றி வேறு கதியில்லை, உருக்கவும் இயலாது. கலியாணப் பரிசாக வருவனவோ பெரும்பாலும் இவையே!

அரசின் சுங்கத் தீர்வை அட்டவணை இவ்வேறுபாட்டைக் காண்பதில்லை. அது கலங்களை மூலப்பொருளால் வகுக்கின்றது: பிளாஸ்ரிக் 3924, பீங்கான் 6911, ஏனைய மட்கலம் 6912, இரும்பும் உருக்கும் 7323, அலுமினியம் 7615. இலக்கணம் கற்பிப்பவனுக்கு அவ்வகுப்பு முறை உவப்பாகவே இருக்கிறது. ஆனால், அக்கலம் எத்தனை ஆண்டு உழைக்கும், பழுது பார்க்கலாகுமா என்று அங்கு எவரும் வினவுவதில்லை. முப்பது ஆண்டு நிற்கும் உருக்குக் குண்டானும் மூன்று ஆண்டில் உரியும் பூச்சுத் தாச்சியும் ஒரே தலைப்பின்கீழ் அடங்கிவிடும். அந்நியப் பொருளென்று அனைத்தையும் வெறுப்பதை விடுத்து, குறுகிய ஆயுளுக்கு மிகுதீர்வை என்று கேட்பதே நியாயமான கோரிக்கை.

முழுத்தடை என்ன செய்யும் என்பதையும் அண்மையிற் கண்டோம். செலாவணித் தட்டுப்பாட்டால் 2020 முதல் பல பொருள்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 2023இல் அக்கட்டு பெரும்பாலும் தளர்ந்தது. இடையில், 2022இல் எரிவாயு கிடையாது மக்கள் விறகுக்குத் திரும்பியபோது, மண்சட்டிக்கும் மண்ணடுப்புக்கும் திடீரென மதிப்பு வந்தது. எரிவாயு வந்ததும் அது போயிற்று. இரண்டு மாதத் தேவையை நம்பி எந்தக் குயவர் தம் மகனுக்குச் சக்கரம் சுற்றக் கற்பிப்பார்? மாத்தளையிலும் தங்கொட்டுவையிலும் செய்த பீங்கான்கள் கடல்கடந்து பிறர் மேசைகளுக்குச் செல்ல, நம் கடைத்தெருவில் வேற்றுநாட்டு மலிவுத் தட்டுகள் குவிந்திருப்பதும் இத்திட்டமின்மையின் மற்றொரு முகம்.

ஒரு நல்ல செயலையும் சொல்லவேண்டும். ஒருமுறை பாவித்தெறியும் பிளாஸ்ரிக் கோப்பை, கரண்டி முதலியவற்றுடன் பிளாஸ்ரிக் இடியப்பத் தட்டும் 2023 ஒக்ரோபர் 1 முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டது. இடியப்பத் தட்டைச் சட்டத்தில் எழுதிய நாடு வேறு உண்டோ என்று எண்ணி நகைத்தேன், பின் மகிழ்ந்தேன். ஏனெனில், அத்தட்டுப் பனையிலிருந்து பறிக்கப்பட்டது. பனைக்கே அது மீளவேண்டும். ஆனால், ஈர்க்கு வார்ந்து தட்டிழைக்கும் பெண்களுக்குச் சட்டம் மட்டும் சோறு போடாது. உணவுக்கடைகளும், அன்னதானம் நடத்தும் ஆலயங்களும், பாடசாலைச் சிற்றுண்டிச்சாலைகளும் தமக்கு ஓராண்டுக்கு வேண்டிய தட்டுகளை முன்னரே கணக்கிட்டு, கூட்டுறவுச் சங்கத்தின் வாயிலாக முன்பணத்துடன் கேட்டுப் பெறுதல் வேண்டும். திருவிழாவுக்கு மூன்று நாள் இருக்கையில் ஓடிச்சென்று, ஐந்நூறு தட்டுக் கேட்டு, இல்லையென்றதும் கொழும்புச் சரக்கை வாங்கி வருகிறோம். பிறகு, நம்மவர் செய்து தருவதில்லை என்று அவர்மேற் குறை கூறுகிறோம்.