உறக்கத்தை விற்றுப் படிப்பவன்!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரவு ஷிப்டு முடித்த தொழிலாளத் தோழன், உறங்குமுன் யூடியூபில் ஆங்கிலம் பயில்கிறான். பயின்றதை வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்புகிறான், பிழையோடுதான்! "தமிழ் முழங்கியோருக்கு ஆங்கில மோகமா?" என்று எள்ளி நகைக்கின்றனர் சிலர்.

ஏளனக்காரர்களே! 1968 சனவரி 23 அன்று நம் சட்டமன்றம் ஏற்றது தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழித் திட்டம். அந்த ஆங்கிலம் கான்வென்ட் செல்வர்க்கு மட்டுமா? இயந்திரத்தின் எச்சரிக்கை ஆங்கிலத்தில். ஒப்பந்தத் தாள் ஆங்கிலத்தில். நசுங்குவது மட்டும் தொழிலாளியின் விரல்! அறிவிப்புகள் பெரும்பான்மைத் தொழிலாளர் அறிந்த மொழியிலும் இருக்கவேண்டுமென்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமே விதித்ததே!

கைப்பேசி துணைவன், ஆசானல்ல. 2020 சூனில் டிக்டாக் தடையானபோது அதிலிருந்த பாடங்களும் மறைந்தன. ஆலை முதலாளியிடம் கேட்போம்: எச்சரிக்கையைத் தமிழிலும் எழுது! வேலை நேரத்திலேயே, ஊதியத்தோடு, ஒரு மணி நேரம் ஆங்கில வகுப்புக்கு ஒதுக்கு!