ஒளிக்கும் ஓர் எல்லை வேண்டும்

(மாணவி, பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு)

ஒளி என்றதும் நம் மனத்தில் தோன்றுபவை விளக்கும் விடியலுமே. அந்த ஒளியையே ஆயுதமாக்கி ஆகாய விமானத்தில் ஏற்றியிருக்கிறார்கள் என்றால், அது திரைப்படக் கதை என்றே பலர் எண்ணுவர். ஆனால் அது கதையன்று. நாற்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு. அந்த ஆயுதத்திற்கு உலக நாடுகள் இப்பொழுதே ஓர் எல்லை வகுக்க வேண்டும் என்பது என் கருத்து.

லேசர் என்பது யாது? சாதாரண விளக்கின் ஒளி எல்லாத் திசைகளிலும் சிதறிப் போகும். லேசர் ஒளியோ ஒரே நிறமாக, ஒரே திசையில், அதிகம் விரியாமல் நெடுந்தூரம் செல்லும். 1960ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் நாள், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் தியோடர் மைமன் என்ற விஞ்ஞானி செயற்கை மாணிக்கத் தண்டு ஒன்றைக் கொண்டு முதல் லேசரை இயக்கிக் காட்டினார். இன்று கண் மருத்துவர் அதைக் கொண்டு விழித்திரையைக் காக்கிறார். நீரிழிவு நோயால் பழுதுபட்ட என் பாட்டியின் கண்ணுக்கு லேசர் சிகிச்சைதான் செய்தார்கள். அதன் வலிமையைப் பன்மடங்கு கூட்டினாலோ, உலோகத்தையே அது துளைத்துவிடும்.

இந்த வலிமையை இராணுவத்தார் விட்டுவைப்பார்களா? 1983இல் அமெரிக்க விமானப்படை, ஒரு பெரிய விமானத்தில் லேசர் கருவியைப் பொருத்தி, வானில் ஏவப்பட்ட ஐந்து 'சைட்விண்டர்' ஏவுகணைகளைச் செயலிழக்கச் செய்தது. பின்னர் 1996இல் அதைவிடப் பெரிய திட்டம் ஒன்று தொடங்கியது. போயிங் 747 விமானம் ஒன்றின் பின்பகுதியை இரசாயனப் பொருள்களால் இயங்கும் லேசர் இயந்திரங்கள் நிரப்பின. ஒளியைக் குறிபார்த்துச் செலுத்தும் பெரிய கண்ணாடி விமானத்தின் மூக்கில் அமைந்தது. 2010ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள், கலிபோர்னியாக் கடற்கரைக்கு அப்பால் மேலெழும்பிக் கொண்டிருந்த ஏவுகணை ஒன்றை அவ்விமானம் அழித்தது. ஒளியின் சூட்டினால் ஏவுகணையின் மேல்தகடு வலுவிழந்தது. பறக்கும் வேகத்தின் அழுத்தம் தாங்காமல் அது உடைந்தது.

வெற்றிதான். ஆயினும் அத்திட்டம் 2011இல் கைவிடப்பட்டது. மேகமும் தூசியும் காற்றின் அலைவும் ஒளியின் வலிமையைக் குறைத்துவிடும். ஆகவே விமானம் இலக்குக்கு அருகில், எதிரியின் நாட்டு எல்லைக்குள்ளேயே வட்டமிட வேண்டியிருக்கும் எனக் கண்டார்கள். 500 கோடி டாலருக்கும் மேல் செலவழித்த அவ்விமானத்தை 2014இல் உடைத்துப் போட்டார்கள்.

அத்துடன் முயற்சி நின்றுவிடவில்லை. 2021இல் இஸ்ரேல் நாடு சிறிய விமானம் ஒன்றில் லேசரைப் பொருத்தி ஆளில்லா விமானங்களை வீழ்த்தியது. நம் நாட்டிலும் 2025ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம், ஆந்திர மாநிலம் கர்நூலில், தரையில் வண்டியின்மேல் பொருத்திய லேசரால் ஆளில்லா விமானத்தை வீழ்த்திக் காட்டினார்கள். கருவி சிறுத்துக்கொண்டே வருகிறது. ஒரு காலத்தில் போயிங் விமானத்தை நிரப்பியது, இப்பொழுது வேறு வடிவில் சிறு விமானத்திற்குள் அடங்கிவிட்டது.

"இது தற்காப்பு ஆயுதம்தானே? ஏவுகணையைத்தானே சுடுகிறது? இதில் என்ன தீங்கு?" என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓர் ஊரின்மேல் விழ வரும் ஏவுகணையை ஒளி தடுக்குமானால் அதை வேண்டாம் என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் 2009இலேயே அமெரிக்கா, மற்றொரு விமானத்திலிருந்து தரையில் நின்ற வண்டியை லேசரால் சுட்டுப் பார்த்துவிட்டது. ஏவுகணையிலிருந்து வண்டிக்கு இறங்கிய ஒளி, வண்டியிலிருந்து மனிதனுக்குத் திரும்ப எவ்வளவு நேரமாகும்? கேடயமா, வாளா என்பதைக் கருவி தீர்மானிப்பதில்லை. அதைப் பிடித்திருக்கும் கையே தீர்மானிக்கிறது.

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். குண்டு விழுந்தால் ஓசை கேட்கும். அதன் சில்லுகள் கிடக்கும். யார் எறிந்தார் என்று பின்னர் ஆராயலாம். இவ்வகை லேசரின் கதிரோ கண்ணுக்குத் தெரியாது. சில்லு எதையும் விட்டுச் செல்லாது. கருகிய தழும்பே மிஞ்சும். சுட்டவன் யார் என்று நிரூபிப்பது கடினம். மேலும், ஒருமுறை சுட ஆகும் செலவு ஏவுகணையைவிட மிகக் குறைவு என்பதையே இதன் பெருமையாகச் சொல்கிறார்கள். எனக்கு அதுவே அச்சம் தருகிறது. மலிவாகக் கிடைப்பதை மனிதர்கள் யோசியாமல் செலவிடுவார்கள் அல்லவா?

நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. 1995ஆம் ஆண்டு அக்டோபரில் வியன்னா நகரில் கூடிய நாடுகள், மனிதரை நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே செய்யப்படும் லேசர் ஆயுதங்களைத் தடை செய்தன. செஞ்சிலுவைச் சங்கத்தார் பல ஆண்டுகள் எடுத்துரைத்ததும் அதற்கு ஒரு காரணம். 1998இல் அந்த உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டுள்ளது. ஆயிரக்கணக்கானோர் கண்ணிழந்த பிறகு வந்த சட்டமன்று அது; அத்தீமை போர்க்களங்களில் பரவுமுன்பே வந்த சட்டம். மனித குலம் விரும்பினால் முன்யோசனையுடன் நடக்கும் என்பதற்கு அதுவே சான்று.

ஆனால் அதில் ஒரு குறை உண்டு. குருடாக்குவதே நோக்கமாகக் கொண்ட ஆயுதத்தை மட்டுமே அது தடுக்கிறது. உடலைச் சுடும் லேசரைப் பற்றியோ, பளபளப்பான தகட்டில் பட்டுச் சிதறும் கதிரால் தொலைவில் நிற்பவரின் கண்ணுக்கு நேரக்கூடிய கேட்டைப் பற்றியோ அது தடை ஏதும் விதிக்கவில்லை. ஆகவே, விமானத்திலுள்ள லேசர் ஏவுகணையையும் ஆளில்லா விமானத்தையும் தவிர மனிதரைக் குறிவைக்கக் கூடாது என்றும், மக்கள் குடியிருக்கும் இடங்களின்மேல் அதைச் செலுத்தக் கூடாது என்றும் நாடுகள் கூடி விதி செய்ய வேண்டும். வல்லரசுகள் அதற்கு எளிதில் இணங்கமாட்டா என்பதை அறிவேன். 1995இலும் அவை எளிதில் இணங்கிவிடவில்லை.

தோழியரே, நம்மில் சிலர் நாளை பொறியியலும் பௌதிகமும் படிப்போம். சிலர் சட்டம் படிப்போம். லேசரை இன்னும் கூர்மையாக்கப் பலர் முன்வருவார்கள். அதற்கு எல்லை வகுக்கவும் சிலர் வேண்டும். அந்தச் சிலருள் நம் பள்ளி மாணவியரும் இருக்க வேண்டும் என்பதே என் அவா.