பாயிரம் யார் பாடுவது?

ஒரு நூலுக்குச் சிறப்புப் பாயிரம் பாடும் தகுதி யாருக்கு உண்டு என்ற கேள்விக்கு நன்னூல் நான்கு பேரைக் காட்டுகிறது. நூல் செய்தவனின் ஆசிரியன், அவனோடு உடன் பயின்றவன், அவனிடம் கற்ற மாணாக்கன், அந்நூலுக்கு உரை கண்டவன் ஆகியோரே அந்த நால்வர். 13ஆம் நூற்றாண்டில் எழுந்த இலக்கணம் அது. அதைச் செய்த பவணந்தி முனிவரை ஆதரித்தவன் சீயகங்கன் என்ற சிற்றரசன். அப்படியிருந்தும் பட்டியலில் அரசனுக்கு இடமில்லை. பொன்னும் பொருளும் வழங்கிய வள்ளலுக்கும் இடமில்லை. தொல்காப்பியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் அரங்கேறியது பாண்டியன் அவையில். பாயிரம் பாடியவரோ பனம்பாரனார். தொல்காப்பியரோடு ஒருசாலை மாணாக்கராக இருந்தவர் என்று மரபு சொல்கிறது. அவை மன்னனுடையது, சான்று உடன் கற்றவருடையது.

மாணவர்கள் தேர்வில் எழுதிவிட்டு மறந்துவிடுகிற இந்தச் செய்தி, ஆண்டுதோறும் ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் எனக்கு நினைவுக்கு வரும். வெளிநாட்டுச் சட்டப் பள்ளிகளுக்கு விண்ணப்பிக்கும் முன்னாள் மாணவர்கள் அப்போதுதான் தேடி வரத் தொடங்குவார்கள். எங்கள் கல்லூரியில் இளங்கலை முடித்து, பிறகு மூன்றாண்டுச் சட்டப் படிப்பும் முடித்து, சில காலம் நீதிமன்றத்தில் தொழில் செய்தபின் எல்.எல்.எம். படிக்க விரும்புகிறவர்களே பெரும்பாலோர். அமெரிக்காவில் ஜே.டி. படிக்க விரும்புகிறவர்கள் ஓரிருவர். எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "ஐயா, யாரிடம் கடிதம் வாங்கினால் எடுபடும்?"

கேள்வி நியாயமானது. நம் நாட்டில் சட்டக் கல்லூரியில் சேர யாருடைய கடிதமும் தேவையில்லை. தமிழ்நாட்டின் சட்டக் கல்லூரிகளில் மதிப்பெண். தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களில் கிளாட் நுழைவுத் தேர்வு. அமெரிக்காவில் நிலைமை வேறு. எல்சாட் தேர்வு மதிப்பெண்ணும் கல்லூரி மதிப்பெண்ணும் முதலில் பார்க்கப்பட்டாலும், அவற்றோடு விண்ணப்பதாரரை நேரில் அறிந்தவர்களின் கடிதங்களும் படிக்கப்படுகின்றன. பெரும்பாலான பள்ளிகள் இரண்டு கடிதங்கள் கேட்கின்றன. இங்கிலாந்தில் ஆக்ஸ்ஃபோர்டின் பி.சி.எல். படிப்புக்கு மூன்று வேண்டும். இப்படியொரு கடிதத்தை நம் மாணவர் வாழ்க்கையில் முதன்முறையாகச் சந்திக்கும்போது, தமக்குத் தெரிந்த வேறொன்றோடு அதை ஒப்பிட்டுப் புரிந்துகொள்கிறார். அந்த வேறொன்றுக்குப் பெயர் சிபாரிசு.

சிபாரிசு என்பது நம் ஊரில் என்னவென்று எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. சட்டமன்ற உறுப்பினரின் கடிதத்தாள், கெஜட்டட் அதிகாரியின் பச்சை மைக் கையெழுத்து, வட்ட முத்திரை ஆகியவற்றைப் பார்த்தே நாம் வளர்ந்தோம். சான்றொப்பம் இடும் அதிகாரி நம் முகத்தைக்கூட நிமிர்ந்து பார்த்ததில்லை. அவர் நம்மை அறிந்திருக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்கவுமில்லை. பதவி இருந்தது, அது போதுமானதாக இருந்தது. இந்தப் பழக்கத்தோடு வருகிற மாணவர், ஓய்வுபெற்ற நீதிபதியையோ துணைவேந்தரையோ மாமாவின் நண்பரான மூத்த வழக்கறிஞரையோ தேடி ஓடுவதில் வியப்பொன்றும் இல்லை.

'பரிந்துரை' என்ற தமிழ்ச் சொல்லும் இங்கே நமக்கு முழுமையாக உதவவில்லை என்பது என் எண்ணம். பரிந்து உரைப்பது பரிந்துரை. அன்போ இரக்கமோ அதற்குள் ஒளிந்திருக்கிறது. சட்டப் பள்ளிகள் கேட்பதற்குப் பொருத்தமான சொல் 'சான்று'. கண்டவன் கண்டதைச் சொல்வது சான்று.

சட்டம் படிக்கப் போகிறவர்களுக்கு இதை அவர்கள் மொழியிலேயே சொல்லலாம். 1872ஆம் ஆண்டின் இந்தியச் சாட்சியச் சட்டத்தில் 60ஆம் பிரிவு, வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருக்க வேண்டும் என்றது. பார்த்த ஒன்றைப் பற்றியதானால் பார்த்தவரே சொல்ல வேண்டும். கேட்ட ஒன்றானால் கேட்டவரே சொல்ல வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டபோதிலும் இந்த விதி மாறவில்லை. உங்கள் மாமா சொல்லக் கேட்டு உங்களைப் பற்றி எழுதுகிற நீதிபதியின் கடிதம், அவர் எத்தனை பெரியவராயினும், கேள்விச் சாட்சியம்தான். தம் நீதிமன்றத்தில் அவரே ஏற்றுக்கொள்ளத் தயங்கியிருக்கக்கூடிய ஒன்றை அவரிடமே எழுதி வாங்கி அனுப்புகிறோம்.

சரி, நேரடிச் சாட்சி யார்? இங்கே ஜே.டி.யையும் எல்.எல்.எம்.மையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஜே.டி. என்பது அமெரிக்காவின் மூன்றாண்டு அடிப்படைச் சட்டப் படிப்பு. அதில் சேருவதற்கு முன் சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. வரலாறோ இயற்பியலோ இலக்கியமோ பட்டமாக இருக்கலாம். எனவே அந்தப் பள்ளிகள் கடிதத்தில் தேடுவது சட்ட அறிவை அன்று. கடினமான ஒரு பனுவலைப் பொறுமையாகப் படிப்பாரா, எழுத்தில் தெளிவு உண்டா, எதிர்வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்பாரா என்பவற்றையே தேடுகின்றன. 1870இல் ஹார்வர்டு சட்டப் பள்ளியின் தலைவரான லாங்டெல் தீர்ப்புகளையே பாடநூலாக்கி, மாணவரைக் கேள்விமேல் கேள்வி கேட்டுப் பயிற்றும் முறையைக் கொண்டுவந்தார். அந்த மரபு வகுப்பறைகளில் இன்னும் இருக்கிறது. அத்தகைய வகுப்பில் இவர் தாக்குப்பிடிப்பாரா என்பதை, இவருடைய கட்டுரைகளைத் திருத்திய ஆசிரியரைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? அந்த ஆசிரியர் தமிழாசிரியராகவும் இருக்கலாம். ஒரு செய்யுளுக்கு இரண்டு உரைகாரர்கள் முரண்படும் இடத்தில் எந்த உரை பொருந்தும் என்று நான்கு பக்கம் வாதிட்ட மாணவரைப் பற்றி எழுத நிறையவே இருக்கிறது.

எல்.எல்.எம். ஏற்கெனவே சட்டப் பட்டம் பெற்றவர்களுக்கான ஓராண்டுப் படிப்பு. அங்கே சட்ட ஆசிரியரின் கடிதமே முதன்மையானது. அரசமைப்புச் சட்டத்தையோ ஒப்பந்தச் சட்டத்தையோ நடத்தி, உங்கள் ஆய்வுக் கட்டுரையை வரிவரியாகப் படித்தவர் வேண்டும். படிப்பு முடித்துச் சில ஆண்டுகள் ஆனவர்களுக்கு, அவர்கள் ஜூனியராக இருந்த சீனியர் நல்ல சாட்சி. நீங்கள் எழுதிய எதிர்வுரையைச் சிவப்பு மையால் அடித்துத் திருப்பிக் கொடுத்தவர், மறுநாள் நீங்கள் அதை எப்படித் திருத்திக் கொண்டுவந்தீர்கள் என்பதையும் பார்த்தவர். அவருக்கு ஊரில் பெரிய பெயர் இல்லாமல் போகலாம். அதனால் குறைவொன்றும் இல்லை. இரண்டு வாரப் பயிற்சியில் தொலைவிலிருந்து பார்த்த புகழ்பெற்ற வழக்கறிஞர் எழுதும் நான்கு வரியைவிட, மூன்றாண்டு கூடவே இருந்தவர் எழுதும் ஒன்றரைப் பக்கம் அதிகம் சொல்லும்.

இந்தத் தேர்வுக்கு இத்தனை கவனம் ஏன் என்றால், கடிதம் மாணவர் கைக்கு வருவதே இல்லை. அமெரிக்காவில் எல்.எஸ்.ஏ.சி. என்ற அமைப்பு இதற்கொரு பொது ஏற்பாடு வைத்திருக்கிறது. எழுதுபவரின் பெயரையும் மின்னஞ்சலையும் மாணவர் கொடுத்தால் அழைப்பு அவருக்கே போகும்; அவரே பதிவேற்றுவார். 1974ஆம் ஆண்டின் கூட்டரசுச் சட்டம் ஒன்று மாணவருக்குத் தம் கல்விப் பதிவுகளைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. ஆனால் பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அந்த உரிமையை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவத்திலேயே கேட்பார்கள். விட்டுக்கொடுப்பதே வழக்கம், மாணவர் பார்க்க மாட்டார் என்று தெரிந்து எழுதிய கடிதத்துக்குத்தான் மதிப்பு கூடுதல். ஆக, கடிதத்தில் என்ன இருக்கும் என்பதில் மாணவருக்குக் கையில்லை. யார் எழுதுவது என்பதில் மட்டுமே உண்டு. அந்த ஒரே உரிமையைப் பதவியைப் பார்த்துச் செலவழித்துவிடக் கூடாது.

கேட்கும் முறையும் முக்கியம். "ஒரு கடிதம் தாருங்கள்" என்று கேட்டால் நம் ஊரில் எந்த ஆசிரியரும் மறுக்க மாட்டார்; மறுப்பது நாகரிகம் இல்லை என்று நினைப்பார். "என்னைப் பற்றி விரிவாக எழுத உங்களிடம் விஷயம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போங்கள். தயங்குகிற ஆசிரியர் உங்களுக்கு நன்மையே செய்கிறார். ஒப்புக்கொண்டால், கடைசி நாளுக்கு ஆறு வாரமாவது முன்னதாக மதிப்பெண் பட்டியலையும், அவரிடம் நீங்கள் எழுதிக் கொடுத்த பழைய கட்டுரையையும், உங்கள் நோக்க அறிக்கையையும் கொடுத்துவிடுங்கள். தன்னைத் தானே புகழ்வதைப் பொதுவாகத் தகாது என்று சொல்லும் நன்னூல், அரசவைக்கு ஓலை எழுதும்போது அதற்கு விலக்கு அளிக்கிறது. நோக்க அறிக்கை அந்த ஓலையைப் போன்றது. உங்களைப் பற்றி நீங்களே சொல்லலாம். நீங்கள் சொன்னால் நம்ப முடியாதவற்றைப் பிறர் சொல்வதற்குத்தான் கடிதம்.

இனி நம் தரப்பைப் பற்றி, அதாவது ஆசிரியர்களைப் பற்றிப் பேச வேண்டும். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போட்டுத் தருகிறேன்" என்ற வாசகத்தைக் கேட்காத கல்லூரித் தாழ்வாரம் உண்டா? பெருந்தன்மையாகவே பலர் இதைச் சொல்கிறார்கள். விளைவு என்ன? இருபத்துமூன்று வயது இளைஞர் மூன்று பேராசிரியர்களின் குரலில் தன்னைத் தானே புகழ்ந்து மூன்று கடிதங்கள் எழுதுகிறார். மூன்றிலும் ஒரே நடை, ஒரே உரிச்சொற்கள். இப்போது அதையும் கணினியிடம் கேட்டு வாங்கிக்கொள்கிறார்கள். மொழி வழுவழுப்பாக இருக்கிறது; பார்த்த கண் எங்கும் இல்லை. நீதித் துறைக்குள் நுழைய விரும்பும் ஒருவருக்கு நாம் கொடுக்கும் முதல் பாடம், சாட்சியைத் தயாரிப்பது எப்படி என்பதாக இருக்கலாமா?

இன்னொன்று, பெண்களுக்கு நாம் எழுதும் கடிதங்கள். அமெரிக்க மருத்துவப் பள்ளி ஒன்றில் ஆசிரியப் பணிக்கு வந்த 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து டிரிக்ஸ், சென்கா என்ற இருவர் 2003இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெண்களுக்கு எழுதப்பட்டவை சராசரியில் நீளம் குறைந்தவை. ஐயத்தை எழுப்பும் தொடர்கள் அவற்றில் கூடுதல். ஆண்களின் ஆய்வு பேசப்பட்ட இடத்தில் பெண்களின் கற்பித்தலும் உழைப்பும் பேசப்பட்டன. நம் கடிதங்களை யாராவது ஆராய்ந்தால் வேறு முடிவா வரும்? "அடக்கமான பெண், பெரியவர்களிடம் மரியாதை உள்ளவர், விடுப்பு எடுக்காதவர்" என்று நாம் மனமார எழுதுகிறோம். நன்னடத்தைச் சான்றிதழின் மொழி அது. எதிர்வழக்காட வேண்டிய ஒருவரை அடக்கமானவர் என்று புகழ்வது, அவரை அறியாமலேயே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்வதாகும். மாதிரி நீதிமன்றப் போட்டியில் அவர் எடுத்துவைத்த வாதம் எது, நடுவர் மடக்கியபோது அவர் என்ன பதில் சொன்னார் என்பதை எழுதுங்கள். அதுவே அவருக்குச் செய்யும் மரியாதை.

இதற்கெல்லாம் ஒரு மறுப்பு எழும் என்பதை அறிவேன். "அறுபது எழுபது பேர் உட்காரும் வகுப்பில் எந்த ஆசிரியருக்கு என்னைத் தெரியும்? என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பெரிய இடத்துப் பிள்ளைக்குப் பேராசிரியரும் தெரியும், நீதிபதியும் தெரியும். எனக்கு யார் இருக்கிறார்கள்?" மிக நியாயமான மறுப்பு இது. ஆனால் நன்றாக யோசித்தால், சிபாரிசு என்று இதைப் புரிந்துகொள்ளும்வரைதான் அந்தப் பிள்ளை முன்னால் நிற்பார். சான்று என்று புரிந்துகொண்டுவிட்டால், பெரிய மனிதர்களைத் தெரிந்திருப்பதால் பயன் குறைந்து, செய்த வேலையைக் காட்டுவதற்குப் பயன் கூடுகிறது. முதல் தலைமுறை மாணவரிடம் இருப்பது அந்த வேலை ஒன்றுதான். அதை ஒருவர் பார்க்கும்படி செய்துகொள்ள வேண்டும். அதற்கு இறுதியாண்டுவரை காத்திருக்கக் கூடாது. இரண்டாம் ஆண்டிலேயே ஓர் ஆசிரியரிடம் போய், பாடத்திட்டத்தில் கேட்காத ஒரு கட்டுரையை எழுதிக் காட்டி, குறை சொல்லச் சொல்லுங்கள். திருத்தி மீண்டும் கொண்டுபோங்கள். நான்கு முறை இப்படி நடந்தால் உங்களுக்கு ஒரு சாட்சி கிடைத்துவிட்டார்.

மற்ற பாதிப் பொறுப்பு ஆசிரியர்களுடையது. விடைத்தாளை எண்ணாக மட்டும் பார்த்துக் கட்டு கட்டி அனுப்பிவிட்டால், ஐந்தாண்டு கழித்து வந்து நிற்கிற மாணவரைப் பற்றி எழுத எந்தப் பேராசிரியரிடமும் எதுவும் இருக்காது. பருவத்துக்கு ஒருமுறை, யார் என்ன எழுதினார், எங்கே நம்மோடு முரண்பட்டார் என்று ஒரு நோட்டில் இரண்டு வரி குறித்து வைக்க அதிக நேரம் ஆகாது. சீமான் வீட்டுப் பிள்ளைக்கு அந்த நோட்டு தேவைப்படாது. பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் இல்லாமல் கடைசி வரிசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, ஒருநாள் அந்த இரண்டு வரியைத் தவிர வேறு ஆதாரம் இருக்காது.