வருமாம் என்னும் காமிரா

கேட்ட செய்தியைக் கண்ட செய்தியினின்றும் பிரித்துக் காட்டுதற்கு நம் மொழியில் ஓர் எளிய வழி உண்டு. 'வரும்' என்று சொல்லுபவன் தன் சொல்லுக்குத் தானே பொறுப்பாளியாகின்றான். 'வருமாம்' என்று சொல்லுபவனோ அப்பொறுப்பைப் பெயரறியாத வேறொருவன்மேல் ஏற்றிவிடுகின்றான். ஈற்றில் நிற்கும் 'ஆம்' என்னும் அச்சிறு சொல்லே வதந்தியின் முத்திரை. நிழற்படக் கலையிற் பற்றுடைய மாணவர் நால்வர் கூடுமிடத்தே சிறிது நின்று செவி கொடுப்போமாயின், இம்முத்திரை எத்துணை முறை விழுகின்றது என்பது புலனாகும். 'புதிய காமிரா ஒன்று வருமாம். நூறு மெகாபிக்சல் உடையதாம். அடுத்த பருவத்திலேயே விற்பனைக்கு வந்துவிடுமாம்.' தாம் எடுத்த படங்களைப் பற்றிய பேச்சு அங்கே அரிது. இப்பழக்கம் நமக்கு யாது செய்கின்றது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண் பொருளை விளங்கிக்கொள்வோம். 'புல் பிரேம்' எனப்படும் முழுச்சட்டகக் காமிராவின் ஒளியுணரி 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உடையது. ஜெர்மனி தேசத்தில் லைட்ஸ் நிறுவனத்திற் பணியாற்றிய ஆஸ்கர் பார்னாக் என்பார், சினிமாவுக்குரிய படச்சுருளைக் கொண்டே நிழற்படம் எடுக்கக் கருதி அமைத்த கருவியின் அளவு இது. அவர் கருவி 1925-ஆம் ஆண்டில் லைக்கா என்னும் பெயரோடு உலகிற்கு வந்தது. படச்சுருள் இருந்த இடத்தில் ஒளியுணரி வந்தமர்ந்த பின்னரும் இவ்வளவு மாறவில்லை. மாறியது, அச்சிறு பரப்பினுள் அடங்கும் புள்ளிகளின் தொகையே. 2002-ஆம் ஆண்டில் வெளிவந்த கேனன் 1டிஎஸ் 11 மெகாபிக்சல் உடையது. அதாவது ஒரு கோடியே பத்து லட்சம் புள்ளிகள். 2008-இல் வந்த சோனி ஏ900 24 மெகாபிக்சலும், 2012-இல் வந்த நிக்கான் டி800 36 மெகாபிக்சலும், 2015-இல் வந்த கேனன் 5டிஎஸ் 50 மெகாபிக்சலும், 2019-இல் வந்த சோனி ஏ7ஆர் வரிசையின் நான்காம் பதிப்பு 61 மெகாபிக்சலும் உடையனவாயின. பதினேழு ஆண்டுகளில் தொகை ஐந்து மடங்கிற்கு மேலாயிற்று. இவ்வேணியைக் கண்டவர்கள், அடுத்த படி எப்போது என்று வினவுதல் இயல்பேயாம்.

வதந்தி யாவும் பொய் என்று கூறுதல் நேர்மையாகாது. 2011-ஆம் ஆண்டின் இறுதியில், நிக்கான் நிறுவனத்தார் 36 மெகாபிக்சல் காமிரா ஒன்றை வெளியிடப் போகின்றனர் என்னும் பேச்சு எழுந்தது. அவர்தம் டி700 அந்நாளில் 12 மெகாபிக்சலே உடையதாயிருந்தமையின், ஒரே தாவலில் மும்மடங்காவது கூடுமோ என்று ஐயுறுதற்கு இடமிருந்தது. 2012-ஆம் ஆண்டு பிப்ரவரி 7-ஆம் நாள் டி800 அறிவிக்கப்பட்டபோது அப்பேச்சு மெய்யாயிற்று.

நிற்க. இதற்கு மாறான கதையும் உண்டு. 2015-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் கேனன் நிறுவனத்தாரே, 120 மெகாபிக்சல் உடைய காமிரா ஒன்றைத் தாம் உருவாக்கி வருவதாக அறிவித்தனர். இது தெருவிற் பிறந்த வதந்தியன்று. செய்வோர் வாயினின்றே வந்த சொல். எனினும் அக்காமிரா கடைக்கு வரவேயில்லை. பின்னர், 2020-ஆம் ஆண்டில் 45 மெகாபிக்சல் உடைய ஆர்5 வெளிவந்த காலந்தொட்டு, அதனினும் இருமடங்கு புள்ளிகள் உடைய உடன்பிறப்பு ஒன்று அதற்கு வருமாம் என்னும் பேச்சு எழுந்தது. 2024-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வந்த ஆர்5 இரண்டாம் பதிப்போ, அதே 45 மெகாபிக்சலோடு நின்றது. செய்வோரின் வாக்கே இங்ஙனமாயின், 'ஆம்' என்னும் முத்திரையிட்ட வாக்கைக் குறித்து யாது சொல்வது!

இவ்வதந்திகள் முழுதும் கற்பனையிற் பிறப்பன அல்ல. கம்பியில்லாத் தொடர்புடைய காமிராக்கள் பல தேசங்களில் விற்பனைக்கு முன்னரே அரசாங்க அலுவலகங்களிற் பதிவு செய்யப்படல் வேண்டும். அங்கே காணும் ஒரு குறியெண்ணே வதந்திக்கு வித்தாகின்றது. காப்புரிமை விண்ணப்பங்கள் பொதுவாகப் பதினெட்டு மாதங்களுக்குப் பின் யாவரும் காணுமாறு வெளியிடப்படுகின்றன. அவற்றிற் காணும் வரைபடம் மற்றொரு வித்து. ஆனால் காப்புரிமை பெற்ற யாவும் கடைக்கு வருவனவல்ல. 2025-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் கேனன் நிறுவனத்தார் முழுச்சட்டக அளவிலேயே 410 மெகாபிக்சல் ஒளியுணரி ஒன்றை அறிவித்தனர். அது கண்காணிப்பு, மருத்துவம், தொழில் ஆகியவற்றிற்கென்றே கூறப்பட்டது. எண்ணை மட்டும் கண்டு பயனைக் காணாதார், அது நாளையே தம் தோளில் தொங்கும் என்று களிப்பர். உண்மையின் ஒரு துணுக்கைச் சுற்றி ஆசை நெய்யும் கூடே வதந்தி என்க.

இனி, வதந்தி மெய்யாகவே ஆகி, நூறு மெகாபிக்சல் காமிராவொன்று நம் கையில் வந்ததெனக் கொள்வோம். அதனால் நாம் பெறுவது எவ்வளவு? படத்தின் நுணுக்கம் நெடுக்கிலும் குறுக்கிலும் இரட்டிக்க வேண்டுமாயின் புள்ளிகள் நான்கு மடங்காதல் வேண்டும். 61 மெகாபிக்சலினின்றும் 100 மெகாபிக்சலுக்குச் செல்லும்போது நெடுக்கிற் பெறும் மிகுதி நூற்றுக்கு 28 பங்கே. அன்றியும், ஒளி சிறு துவாரத்தின் வழியே புகுங்கால் பரவும் இயல்புடையது. லென்ஸின் துவாரத்தை எப்/8 என்னும் அளவில் வைத்தால், வானத்து விண்மீனின் ஒளியும் ஒரு புள்ளியாய் வீழாது, மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஏறத்தாழ 11 பங்கு அகலமுள்ள வட்டமாய் வீழும். நூறு மெகாபிக்சல் ஒளியுணரியின் ஒவ்வொரு புள்ளியும் ஆயிரத்தில் 3 பங்கே அகலமுடையது. ஆகவே அவ்வொளி மூன்று புள்ளிகளுக்கு மேற் பரந்து கிடக்கும். துவாரத்தை மேலும் சுருக்கினால் இன்னும் பரக்கும். கை சிறிது நடுங்கினும், குறி சிறிது தவறினும், எஞ்சிய நுணுக்கமும் கழியும். முடிவில் அப்படத்தை நாம் காண்பது எங்கே? 4கே எனப்படும் திரையிலும் உள்ளவை ஏறத்தாழ 83 லட்சம் புள்ளிகளே. கைப்பேசித் திரையில் அவற்றினும் குறைவு.

மிக்க நுணுக்கத்தை வேண்டுவோர் இல்லை என்று யாம் சொல்லவில்லை. பழைய ஓலைச்சுவடியையும் தேசப்படத்தையும் சுவரோவியத்தையும் எழுத்துக்கு எழுத்து, கோட்டுக்குக் கோடு படியெடுப்போர்க்கு ஒவ்வொரு புள்ளியும் பொன்னாம். சுவரளவு அச்சிடுவோர்க்கும் அங்ஙனமே. ஆயினும் 61 மெகாபிக்சல் படத்தை அங்குலத்திற்கு 300 புள்ளி வீதம் அச்சிட்டாலே ஏறத்தாழ 32 அங்குல நீளம் வருகின்றது. நம்முள் அத்துணைப் பெரிய படத்தைச் சட்டமிட்டு மாட்டியவர் எத்தனை பேர்?

'காத்திருந்தால் பழைய காமிராவின் விலையேனும் குறையாதோ?' என்று சிலர் வினவலாம். குறையலாம். ஆனால் காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. அதனை எவரும் விலைப்பட்டியலில் எழுதுவதில்லை. யாம் அதனைக் கொடுத்தறிந்தோம். எம் கல்லூரி நிழற்படக் கழகத்தார் சிறிது சிறிதாகப் பணம் சேர்த்து, நல்ல காமிரா ஒன்றை வாங்கக் கருதினோம். நெடுநாள் பணியாற்றிய கல்லூரி ஊழியர் ஒவ்வொருவரையும் தனித்தனியே படமெடுத்து நூல்நிலையச் சுவரில் மாட்டுதல் எம் நோக்கம். போதிய பணமும் சேர்ந்தது. கடையில் தக்க கருவியும் இருந்தது. அவ்வேளையில் எம்முள் ஒருவர் புதிய காமிராவைப் பற்றிய வதந்தியைக் கொண்டு வந்தார். ஒரு பருவம் பொறுப்போம் என்றோம். அப்பருவம் கழிந்ததும் மற்றொரு பருவம் என்றோம். நாள்தோறும் எம் வகுப்புகளுக்கு மணியடித்து வந்த பெரியவர் இதற்கிடையே ஓய்வு பெற்றுத் தம் ஊருக்குச் சென்றார். அடுத்த பருவத்தின் தொடக்கத்தில் அவர் இறந்தார் என்னும் செய்தி வந்தது.

அச்செய்தியில் 'ஆம்' இல்லை.

அவர் உருவம் இன்று கல்லூரியில் ஒரேயொரு படத்தில்தான் உள்ளது. ஆண்டு விழாக் குழுப்படம் ஒன்றில், பின்வரிசையின் கோடியில், முன்னின்றவரின் தோளால் பாதி மறைக்கப்பட்டு அவர் நிற்கின்றார். அம்மறைந்த பாதியை எத்துணை மெகாபிக்சலும் இனி மீட்டுத் தாரா. எம்மில் ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் அந்நாள் முழுதும் கைப்பேசிக் காமிரா இருந்தது என்பதை நினைக்குந்தோறும் யாம் நாணுகின்றோம். கொக்கின் பொறுமையைப் பெரியோர் புகழ்வர். கொக்கோ மீனுள்ள நீரிற் காத்து நிற்கின்றது. யாம் மீன் வருமாம் என்று கேள்வியுற்ற குளக்கரையில் நின்றோம்.

ஆதலின், மாணவ நண்பர்களே, வதந்தியைக் கேளுங்கள், கேட்டு மகிழுங்கள், அதன் வேரையும் ஆராயுங்கள். ஒளியின் இயல்பையும் ஒளியுணரியின் அமைப்பையும் கற்றற்கு அஃதொரு நல்ல வாயிலே. ஆனால் கருவி வாங்கும் நாளையும் படமெடுக்கும் நாளையும் அவ்வதந்தி குறித்தற்கு இடங்கொடாதீர்கள். எந்தப் படத்தை எடுக்கப் போகின்றோம் என்பதை முன்னர்த் துணிந்து, அதற்கு வேண்டிய கருவி இன்று யாரிடம் உண்டோ அதனைக் கேட்டேனும் பெறுங்கள். எம் கழகத்தார் சென்ற மாதத்தில் இரவற் காமிரா ஒன்றைக் கொண்டு வேலையைத் தொடங்கினர். சமையற்கூடத்தில் மூவரும், தோட்டத்தில் இருவரும், நூல்நிலையத்தில் ஒருவரும் படமாயினர். எஞ்சியோர் பெயர்கள் கழக அறையிற் பட்டியலாய்த் தொங்குகின்றன. அடுத்த ஆண்டு இம்மலரில் அப்பட்டியலைக் குறித்து எழுதுங்கால், 'எடுப்போம்' என்று எழுதாமல் 'எடுத்தோம்' என்று எழுதுதல் எம் கடன்.