ஆட்டமில்லாத நாளிலும் சேப்பாக்கம் திறந்திருக்கட்டும்

திருமயிலையில் பறக்கும் ரயில் ஏறினால் நான்காவது நிறுத்தம் சேப்பாக்கம். பக்கத்திலேயே எம்.ஏ.சிதம்பரம் ஸ்டேடியம். ஐபிஎல் டிக்கெட்டுக்கு அலைமோதும் சென்னைவாசிகளில் பெரும்பாலோர் ஆட்டம் இல்லாத நாளில் அதற்குள் கால் வைத்திருக்க மாட்டார்கள். ஊரிலிருந்து வரும் உறவினர்களுக்குக் கபாலீசுவரர் கோயில், தி.நகர் கடைவீதி, மெரினா என்று எல்லாவற்றையும் சுற்றிக்காட்டுகிறவர்கள், இந்த மைதானத்தின் மதிலை மட்டும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள்.

அந்த மதிலுக்குள் நடந்தவை கொஞ்சநஞ்சமல்ல. 1934 நவம்பர் 4 அன்று ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டம் இங்கேதான் தொடங்கியது. முதல் பந்தை வீசியவர் சென்னையின் எம்.ஜே.கோபாலன், ஹாக்கியிலும் இந்தியாவுக்கு ஆடியவர். ராம் சிங் 11 விக்கெட்டுகளைச் சாய்க்க, மைசூர் அணி ஒரே நாளில் தோற்றது. இந்தியாவின் முதல் டெஸ்ட் வெற்றியும் இங்கேதான். 1952 பிப்ரவரியில் வினு மன்கட் 108 ரன் கொடுத்து 12 விக்கெட் எடுக்க, இங்கிலாந்து இன்னிங்ஸ் தோல்வி கண்டது. 1986இல் ஆஸ்திரேலியாவுடன் டெஸ்ட் ‘டை’ ஆனதும் இதே திடலில்தான்.

எல்லாவற்றுக்கும் மேலானது 1999 ஜனவரி 31. பாகிஸ்தானை வெல்ல 271 ரன் தேவை. முதுகுவலியோடு டெண்டுல்கர் 136 அடித்து ஆட்டமிழந்தபோது ஸ்கோர் 254. அடுத்த நான்கே ரன்னில் மீதி விக்கெட்டுகளும் போயின. 12 ரன்னில் தோல்வி. நொறுங்கிப்போன கூட்டம் எழுந்து நின்று பாகிஸ்தான் வீரர்களுக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தை வலம் வந்து நன்றி சொன்னார்கள். அந்தக் கைதட்டல் ஒலித்த படிக்கட்டில் ஒரு பள்ளிச் சிறுமி உட்கார்ந்து இந்தக் கதையைக் கேட்க வேண்டாமா?

லண்டன் லார்ட்ஸில் 1953 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது. சுற்றிப் பார்க்க வருகிறவர்களை வீரர்கள் நடந்துபோகும் ‘லாங் ரூம்’ வரை கூட்டிப்போகிறார்கள். மெல்பர்ன் மைதானத்துக்குள்ளேயே ஆஸ்திரேலிய விளையாட்டு அருங்காட்சியகம் இயங்குகிறது. புனேயில் ஒரு கிரிக்கெட் ஆர்வலர் தன் சேகரிப்பைக் கொண்டே ‘பிளேட்ஸ் ஆஃப் குளோரி’ என்ற அருங்காட்சியகத்தை அமைத்திருக்கிறார். சேப்பாக்கத்தையும் இப்படிச் சுற்றிக்காட்டப் பாதுகாப்பு, பராமரிப்பு என்று தயங்க வேண்டியதில்லை. ஆட்ட நாட்களில் நிறுத்திவிட்டு மற்ற நாட்களில் நடத்தலாம்.

சென்னையின் விளையாட்டுக் கதையைச் சொல்லக் கிரிக்கெட் மட்டும் போதாது. ஆழ்வார்பேட்டை சோவியத் கலாச்சார மையத்தில் மானுவல் ஆரோன் 1972இல் தொடங்கிய டால் சதுரங்க மன்றத்தில்தான் சிறுவன் ஆனந்த் ஆடிப் பழகினார். ராமநாதன் கிருஷ்ணன் 1960, 61 இரண்டு ஆண்டுகளும் விம்பிள்டன் அரையிறுதிக்குப் போனார். மாஸ்கோவில் 1980இல் தங்கம் வென்ற ஹாக்கி அணிக்குத் தலைவர் பாஸ்கரன்.

சென்னையின் கிரிக்கெட் கதையில் மயிலாப்பூருக்கும் பெரிய பங்கு உண்டு. லஸ்ஸில் வாழ்ந்த புச்சிபாபு நாயுடு 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். சேப்பாக்கத்தில் ஐரோப்பியர்கள் பெவிலியனில் சாப்பிட, இந்திய வீரர்கள் மரத்தடியில் உட்கார நேர்ந்ததைப் பொறுக்காமல்தான் அவர் அதைத் தொடங்கினார் என்று சொல்வார்கள். 1908இல் அவர் மறைந்தார். மறு ஆண்டிலிருந்து அவர் பெயரில் போட்டி நடக்கிறது. அந்தப் போட்டியைத் தெரிந்த அளவுக்கு அந்த மனிதரைச் சென்னையின் இளைஞர்களுக்குத் தெரியாது.

தமிழ்நாடு கிரிக்கெட் சங்கமும் விளையாட்டு மேம்பாட்டு ஆணையமும் கைகோத்தால் எல்லா விளையாட்டுகளுக்குமான ஓர் அருங்காட்சியகத்தைச் சேப்பாக்கத்திலேயே அமைக்கலாம். தமிழில் விளக்கிச் சொல்ல ஓய்வுபெற்ற வீரர்களையும் ஆடுகளப் பராமரிப்பாளர்களையும் அழைக்கலாம். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கட்டணம் வேண்டாம். பழைய மட்டை, ஸ்கோர் புத்தகம், புகைப்படம் எதையாவது பரணில் வைத்திருக்கும் குடும்பங்களே, அதை எடைக்குப் போடாமல் பத்திரப்படுத்தி வையுங்கள்.