கல்யாணம் செய்வதாகச் சொல்லி ஏமாற்றினால்... சட்டம் என்ன சொல்கிறது?

'திருமண ஆசை காட்டி பாலியல் வன்கொடுமை: இளைஞர் கைது.' இப்படி ஒரு செய்தியை போனில் அடிக்கடி கடந்திருப்பீர்கள். கமென்ட்டில் எப்போதும் ஒரே கேள்விதான்: 'ரெண்டு பேரும் விரும்பித்தானே பழகினாங்க, அப்புறம் என்ன வன்கொடுமை?'

பதில் 'சம்மதம்' என்ற சொல்லில் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் (பிஎன்எஸ்) 63-வது பிரிவுப்படி, குறிப்பிட்ட அந்தப் பாலுறவுச் செயலுக்கு விருப்பம் என்று பெண் சொல்லாலோ சைகையாலோ, தானாக, ஐயமின்றித் தெரிவிப்பதே சம்மதம். உடலால் எதிர்க்கவில்லை என்பதை மட்டும் வைத்து 'சம்மதித்தாள்' எனக் கொள்ள முடியாது. 2013-ம் ஆண்டுத் திருத்தத்தில் வந்த விளக்கம்தான் இது. 'அந்தச் செயலுக்கு' என்பதைக் கவனியுங்கள். நேற்று சொன்ன 'சரி' இன்றைக்குச் செல்லாது. ரூமுக்கு வந்தாளே என்ற வாதமும் எடுபடக் கூடாது.

சரி, பொய் சொல்லி வாங்கிய சம்மதம்? ஒருவர் உண்மை தெரியாமல் சம்மதிக்கிறார், எதிரில் இருப்பவருக்கு அது தெரியும் என்றால், அது சம்மதமே அல்ல என்கிறது பிரிவு 28. கல்யாண வாக்குறுதி வழக்குகள் வன்கொடுமை வழக்குகளாவது இந்த வழியில்தான்.

ஆனால், வாக்கு மீறல் வேறு, பொய் வாக்கு வேறு. பிரமோத் சூர்யபான் பவார் வழக்கில் (2019) உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. வாக்குக் கொடுக்கும்போதே அதைக் காப்பாற்றும் எண்ணம் இருந்திருக்கக் கூடாது. அந்த வாக்கை நம்பித்தான் பெண் இணங்கியிருக்க வேண்டும். அந்த வழக்கில், சாதி குறுக்கே வருகிறது என்று ஆண் தயங்கிய பிறகும் உறவு தொடர்ந்ததால் எஃப்ஐஆர் ரத்தானது. சாதியைக் காட்டிக் கைவிடுவது நியாயமா என்றால், நிச்சயமாக இல்லை. ஆனால் நீதிமன்றம் பார்ப்பது முதல் நாள் மனதில் என்ன இருந்தது என்பதை. அதை எப்படி நிரூபிப்பது? பழைய வாட்ஸ்அப் சாட்கள் ஆதாரமாக வருவது இதனால்தான்.

பிஎன்எஸ் இதற்குப் பிரிவு 69 என்ற தனிப் பெட்டியே போட்டுவிட்டது. பொய்யான கல்யாண வாக்குறுதி, வேலை அல்லது பதவி உயர்வு ஆசை, அடையாளத்தை மறைத்துத் திருமணம் செய்வது ஆகியவை இதில் வரும். 'வன்கொடுமை ஆகாத' உறவுக்கான குற்றம் இது. அதிகபட்சம் 10 ஆண்டு சிறை. வன்கொடுமைக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு. ஒரே ஏமாற்று பிரிவு 28 வழியாக வன்கொடுமையா, அல்லது 69-ஆ? இரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு தெளிவாக இல்லை என்பதுதான் சிக்கல்.

இதில் ஒரு முரணும் உண்டு. கல்யாணம் செய்வதாக ஏமாற்றினால் குற்றம். கல்யாணமே ஆகிவிட்டால்? 18 வயது நிறைந்த மனைவியிடம் கணவர் கட்டாய உறவு கொள்வது வன்கொடுமை ஆகாது என்று அதே 63-வது பிரிவு விலக்கு தருகிறது. பிரிந்து வாழும் மனைவி என்றால் மட்டும் பிரிவு 67 உண்டு. தண்டனை 2 முதல் 7 ஆண்டு.