நிப்பாவுக்கு மூன்று பெயர்: மலாயாப் பல்கலைக்கழகத் துணைவேந்தருக்கு ஒரு திறந்த மடல்



தேவையான தகவல் எது என்று உணர்ந்து, தேடிக் கண்டு, தரத்தை எடைபோட்டு, நெறியோடு பயன்படுத்தும் ஆற்றலைத் தகவல் எழுத்தறிவு என்பர். நூலகர்கள் நடத்தும் தகவல் திறன் பாடத்தை 1990களின் இறுதியிலேயே இளநிலை மாணவர்களுக்குக் கட்டாயமாக்கிய பெருமை இப்பல்கலைக்கழகத்துக்கு உண்டு. அந்த அடித்தளத்தின்மேல் அறிவியல் புலத்தில் எழுப்ப வேண்டிய அடுத்த நிலையான, நூலகரும் விரிவுரையாளரும் சேர்ந்து கற்பித்தலைப் பற்றியதே இம்மடல்.

அதன் தேவையைக் காட்ட இவ்வளாகத்துக்கே உரிய சான்று ஒன்று உண்டு. 1998இல் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் தொடங்கி, நெகிரி செம்பிலானுக்குப் பரவி, நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்ட நோய், முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே கருதப்பட்டது. 1999 மார்ச்சில் டாக்டர் சுவா காவ் பிங் இங்குதான் அதன் உண்மைக் காரணியைப் பிரித்தெடுத்தார். ஹெண்ட்ரா போன்ற வைரஸ் என்று சில காலம் குறிக்கப்பட்ட அது, பின்னர் சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரைப் பெற்றது. ஆகவே ஆய்விதழ்க் கட்டுரைகளை வகைப்படுத்தி வைத்திருக்கும் தரவுத்தளத்தில் 'நிப்பா' என்ற ஒரு சொல்லை மட்டும் இட்டுத் தேடும் மாணவரின் கண்ணில் தொடக்கக்கால அறிக்கைகள் பல படாமலே போகும். கரையோரச் சேற்றில் வளரும் நிப்பாப் பனையைப் பற்றிய கட்டுரைகளோ வேண்டாமலே வந்து சேரும்.

மூன்று பெயர்களையும் 'அல்லது' என்னும் இணைப்புச் சொல்லால் கோத்து, பனையை விலக்கித் தேடும் முறையை நூலகர் கற்பிப்பார். நோயுற்றோரில் பெரும்பாலோர் சிறுவர்களாக இல்லாமல், பன்றிகளோடு பழகிய பெரியவர்களாக இருந்ததே பழைய கணிப்பின்மீது ஐயத்தை எழுப்பியது என்பதை விரிவுரையாளர் விளக்குவார். இருவரும் தனித்தனியே கற்பித்தால், தேடத் தெரிந்தவருக்கு எதைத் தேடுவது என்பதும், பொருள் தெரிந்தவருக்கு எங்கே தேடுவது என்பதும் புலப்படுவதில்லை. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய்மொழி இடைநிலைப்பள்ளியைக் கடந்து, ஆங்கில ஆய்விதழ்களின் முன் வந்து நிற்கும் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் மாணவர்களுக்கு இத்தேடுசொற் சிக்கல் இரட்டிப்பாகிறது. செயற்கை நுண்ணறிவு, இல்லாத கட்டுரைகளுக்கும் மேற்கோள் புனைந்து தரும் இக்காலத்தில், சான்றைச் சரிபார்க்கும் பழக்கம் ஆய்வகப் பயிற்சிக்கு நிகரானது.

எனவே அறிவியல் துறை ஒவ்வொன்றோடும் ஒரு நூலகரை இணைத்தல், முதலாண்டு ஒப்படைப்பு ஒன்றையேனும் நூலகரும் விரிவுரையாளரும் சேர்ந்து வகுத்துச் சேர்ந்தே மதிப்பெண் இடுதல், நூலகரின் பங்கைப் பாடத்திட்டத்தில் முறையாகப் பதிவு செய்தல் ஆகிய மூன்றையும், அடுத்த கல்வியாண்டில் உயிரியல் பாடம் ஒன்றிலாவது தொடங்கிவைக்குமாறு இம்மடல் தங்களைக் கேட்டுக்கொள்கிறது.